வாவிக்கரை மணலுக்கு எந்தப் பசளை?

வீட்டில் சேரும் உக்கக்கூடிய குப்பையைக் குவித்து உக்கவைப்பது நல்லதா, மண்புழுவுக்கு இரையாகக் கொடுப்பது நல்லதா? சில பத்தாண்டுகளாக விவசாய விஞ்ஞானிகள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாமல் விடை சொல்லிவரும் கேள்வி இது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அண்மைக் காலத்தில் இருமுறை அது அவசரக் கேள்வியாக எழுந்தது. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டபின், குப்பையை எங்கே கொட்டுவது என்பது நாட்டின் எல்லா உள்ளூராட்சி சபைகளுக்கும் தலையிடியானது. மட்டக்களப்பு நகரின் திருப்பெருந்துறைக் குப்பைமேடும் புகையும் மக்கள் எதிர்ப்புமாகப் பேசுபொருளானது. அடுத்தது 2021. ஏப்ரல் இறுதியில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு அரசு தடை விதித்து நவம்பரில் தளர்த்துவதற்குள், சேதனப் பசளை என்ற பெயரில் எது கிடைத்தாலும் போதும் என்ற நிலை வந்துவிட்டது.

இந்த இரண்டு நெருக்கடிகளும் ஒரே பசளையிடம் வெவ்வேறு வேலைகளை எதிர்பார்த்தன. முதலாவதற்குக் குப்பை குறைய வேண்டும். இரண்டாவதற்கு நைதரசன் வேண்டும். யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருக்கிறது. கூட்டெருவுக்கான இலங்கைக் கட்டளை (எஸ்.எல்.எஸ். 1246, 2003) கேட்பது குறைந்தது 1 வீதம். 50 கிலோ யூரியா மூடை ஒன்று தரும் 23 கிலோ நைதரசனைக் கூட்டெருவால் ஈடுசெய்வதென்றால் 2,300 கிலோ வேண்டும். வீட்டுக் கூட்டெருப் பீப்பாவில் விளைவது வயலுக்குப் போகப்போவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அது வளவிலுள்ள கத்தரி, வெண்டி, மிளகாய், கீரைக்கு உரியது. ஆகவே தரம் என்பதையும் அந்த வளவின் மண்ணை வைத்தே பேச வேண்டும். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் அந்த மண் பெரும்பாலும் மணல்: தண்ணீரும் நிற்காது, போட்ட ஊட்டமும் தங்காது.

குவியலின் வழி

குவித்து உக்கவைப்பதற்கு முறையான வடிவம் கொடுத்தவராகப் பெரும்பாலும் சொல்லப்படுபவர் விவசாய விஞ்ஞானி அல்பர்ட் ஹவார்ட். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய அவர், யஷ்வந்த் வாட் என்ற இரசாயனவியலாளரோடு சேர்ந்து பயிர்க்கழிவு, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, இடையிடையே புரட்டி, ஏறத்தாழ மூன்று மாதத்தில் பசளையாக்கும் முறையை வகுத்தார். 1931 இல் இருவர் பெயரிலும் நூல் வந்தது. சில ஆண்டுகளில் பெங்களூரில் ஆச்சார்யா என்ற விஞ்ஞானி இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கி, மேலே சேறு பூசி, புரட்டாமலே பல மாதம் விட்டுவிடுவது அது. இந்தூர் முறைக்குக் காற்றும் உழைப்பும் வேண்டும். பெங்களூர் முறைக்குப் பொறுமை போதும். இன்று உள்ளூராட்சி சபைகள் வீடுகளுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் பீப்பா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காற்றுத் துளை இருக்கிறது, புரட்ட ஆளில்லை.

குவியல் வழியின் ஆதரவாளர்கள் முதலில் காட்டுவது அதன் சூட்டை. சரியான அளவில் காபனும் நைதரசனும் (தொடக்கத்தில் 25 முதல் 30 பங்குக்கு 1), ஈரமும் காற்றும் இருந்தால் நுண்ணங்கிகளே குவியலை 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கும். களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில் மடியும். இரண்டாவது வாதம் எளிமை. வாங்க எதுவும் இல்லை, சாகக்கூடியதும் எதுவும் இல்லை.

பலவீனங்களில் இந்தக் கரைக்கே உரியவை சில உண்டு. மீன் கழிவு நாளாந்தம் சேரும் வீடுகள் இவை. செதிலும் குடலும் இறால் தலையும் நைதரசன் மிகுந்தவை. காய்ந்த இலையோ தென்னந்தும்புத் தூளோ போதிய அளவில் கலக்காவிட்டால் அந்த நைதரசனின் ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடும். அயல்வீட்டார் மூக்கைப் பொத்துவதும் அதனால்தான். இன்னொன்று மணல். விடிகாலையில் முற்றம் கூட்டும் வழக்கமுள்ள ஊர்களில் இலையோடு மணலும் அள்ளப்பட்டுக் குவியலுக்கு வருகிறது. 2 வீத நைதரசனுள்ள நல்ல கூட்டெருவில் பாதி எடை மணலாகிவிட்டால் ஆய்வுகூடத் தாளில் அது 1 வீதம். எஸ்.எல்.எஸ். கட்டளை மணலுக்கு மேல்வரம்பு வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. கூட்டெரு தரமில்லை என்று தள்ளப்படும்போது, தவறு உக்கலில் இருக்கிறதா விளக்குமாற்றில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

தென்னை வளவுகளுக்கு மற்றுமொரு கவலை. காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்பும் இடங்களில் சாணக் குழியும் உக்கும் குவியலும் முன்னணியில் நிற்கின்றன. கிளறாமல் கிடக்கும் குவியலில் வெண்ணிறத் தடித்த புழுக்கள் சுருண்டு கிடந்தால் அவை மண்புழுவின் உறவல்ல. நாளை தென்னங்குருத்தைத் துளைக்கப்போகிறவை.

மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பிலிசரு திட்டம் 2008 இல் தொடங்கி நாடெங்கும் உள்ளூராட்சி மட்டத்தில் கூட்டெரு நிலையங்களை ஏற்படுத்தியது. அந்த அளவிலான கூட்டெருவின் பெரிய சிக்கல் கண்ணாடித்துண்டும் பொலித்தீன் கிழிசலும். வீட்டிலேயே பிரித்து உக்கவைத்தால் அது அநேகமாக இல்லாமல் போகும். ஆகவே நிலையக் கூட்டெருவைப் பார்த்து வீட்டுக் கூட்டெருவுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

புழுவின் வழி

மண்புழுப் பேச்சு வந்தாலே டார்வின் பெயர் வந்துவிடும். 1881 இல் வந்த தம் கடைசி நூலில், இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டொன்றில் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடாகப் போகிறது என்று அவர் கணித்தார். ஆனால் டார்வின் எழுதியது மண்ணைத் தின்னும் புழுக்களைப் பற்றி. தொட்டியில் வளர்க்கப்படுபவை மேற்பரப்பில் வாழ்ந்து உக்கும் இலையையும் சாணத்தையும் தின்னும் வேறு இனங்கள். டார்வினை மேற்கோள் காட்டி விற்கப்படும் மண்புழுப் பசளைப் பைகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

தொட்டி வளர்ப்பின் விஞ்ஞானம் பின்னால் வந்தது. இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட்டிலும் பின்னர் அமெரிக்காவின் ஓகையோவிலும் கிளைவ் எட்வேட்ஸ் குழுவினர் அதை வளர்த்தார்கள். மேரி அப்பல்ஹோஃப் 1982 இல் எழுதிய கைநூல் அதை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனது. சென்னையில் மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவை இறக்க வேண்டியதில்லை, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், லம்பிட்டோ மவுரிட்டி போன்ற நம் பகுதிப் புழுக்களே போதும் என்று வாதிட்டு அதைச் செய்தும் காட்டினார். சோவியத் உதவி நின்ற 1990களில் கியூபாவும் மண்புழுப் பசளையைப் பெருமளவில் நம்பியது. 2021 இல் இலங்கையில் அந்த உதாரணம் அடிக்கடி காட்டப்பட்டது. கியூபா அதற்குப் பல ஆண்டு எடுத்துக்கொண்டது என்பது சேர்த்துச் சொல்லப்படவில்லை.

புழு ஆதரவாளர்களின் மிக வலுவான வாதம் ஊட்டச்சத்து வீதம் அல்ல. 2000 ஆம் ஆண்டையொட்டி ஓகையோ குழுவினர் தக்காளி, செவ்வந்தி இனங்கள் போன்றவற்றில் நடத்திய சோதனைகளில், எல்லாச் செடிக்கும் தேவையான ஊட்டத்தைக் கரைசலாகக் கொடுத்த பின்னரும் மண்புழுப் பசளை கலந்த ஊடகத்தில் செடி கூடுதலாக வளர்ந்தது. ஊட்டத்தால் விளக்க முடியாத வளர்ச்சிக்கு ஹியூமிக் அமிலத்தோடு ஒட்டியிருக்கும் வளர்ச்சி ஓமோன் போன்ற பொருட்கள் காரணமாகலாம் என்றார்கள். குறிப்பிட வேண்டிய செய்தி: ஊடகத்தில் ஐந்திலொரு பங்கு, கூடினால் ஐந்தில் இரண்டு பங்கு கலந்தபோதே பயன் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேல் போனால் பயன் கூடவில்லை, சிலவேளை குறைந்தது. இதைப் பலம் என்றும் எடுக்கலாம், சிறிதளவே போதும் என்பதால். ஆனால் அவை கண்ணாடி வீட்டுச் சாடிகள், விலைக்கு வாங்கிய நாற்று ஊடகம். நவற்குடாவிலோ ஆரையம்பதியிலோ உள்ள மணற்பாத்தியில், ஒரு மாரி மழைக்குப் பின்னும் அந்த விளைவு நிற்குமா என்பது தனிக் கேள்வி.

ஒப்பீடுகள் உண்மையில் எதை ஒப்பிடுகின்றன

நேரடி ஒப்பீடுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. ஆர்ஜென்டீனாவின் பற்றகோனியாவில் டொக்னெட்டி குழுவினர் 2005 இல் நகரச் சேதனக் கழிவை வைத்து வெளியிட்ட ஆய்வில் மண்புழுப் பசளையே ஊட்டச் செறிவில் முன்னின்றது. ஸ்பெயினின் லஸ்கானோ, டொமிங்கஸ் குழுவினர் 2008 இல் மாட்டுச் சாணத்தை வைத்து இரு வழிகளையும் அவற்றின் சேர்க்கையையும் ஒப்பிட்டனர். உலகெங்குமுள்ள சிறிய ஆய்வுகளின் பொதுப் போக்கும் இதுவே: புழுத் தொட்டியிலிருந்து வந்ததில் நைதரசனும் பொசுபரசும் வீதத்தில் கூடுதல், காபன்–நைதரசன் விகிதம் குறைவு.

இந்த முடிவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது சொல்வது குறைவு. ஒரு கணக்கைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. உலர் எடையில் 100 கிலோ குப்பை, அதில் 2 கிலோ நைதரசன். குவியலில் 60 கிலோ பசளை மிஞ்சி 1.6 கிலோ நைதரசன் தங்கினால் வீதம் ஏறத்தாழ 2.7. புழுத் தொட்டியில் 40 கிலோ மிஞ்சி 1.4 கிலோ தங்கினால் வீதம் 3.5. ஆய்வுத் தாளில் புழு வென்றுவிட்டது. வளவுக்கு வந்து சேர்ந்ததோ 200 கிராம் நைதரசனும் 20 கிலோ பசளையும் குறைவு. இதற்கு எதிர்மாறாகவும் நடக்கலாம். ஒரே குப்பையிலிருந்து மொத்தம் எவ்வளவு மீண்டது என்று அளக்காதவரை, காபன் காற்றில் போனதால் மிஞ்சியது செறிந்ததா, நைதரசன் உண்மையிலேயே காப்பாற்றப்பட்டதா என்று தெரியாது. மணலுக்கு இது முக்கியம். அங்கே பசளையின் பெரிய வேலை தண்ணீரையும் ஊட்டத்தையும் பிடித்துவைப்பது. அது வீதத்தைவிடச் சேதனப் பொருளின் எடையையே சார்ந்தது.

இன்னொரு குறை சாணம். புழுக்களைச் சமையலறைக் கழிவில் நேரே விட்டால் அவை ஓடும் அல்லது சாகும். ஆகவே பெரும்பாலான சோதனைகளில் தொட்டிக்குச் சாணப் படுக்கை போடுகிறார்கள். பக்கத்திலுள்ள குவியலுக்கும் அதே அளவு சாணம் போட்டார்களா என்று எல்லாக் கட்டுரைகளும் சொல்வதில்லை. போடாவிட்டால் அங்கே ஒப்பிடப்பட்டது புழுவல்ல, மாடு. இது வாவியின் இரு கரைகளையும் பிரிக்கும் விடயம். மாட்டுப் பட்டிகளும் தயிருமாக வாழும் மேற்குக் கரையான படுவான்கரையில் சாணத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டோடு வீடு ஒட்டிய எழுவான்கரைக் காத்தான்குடியில் அது விலைகொடுத்து வர வேண்டியது.

கால அளவும் ஒப்பீட்டைக் குழப்புகிறது. குவியலைப் பாதியில் நிறுத்தி, புழு முடித்ததோடு ஒப்பிட்டால் குவியல் தோற்கும். காபன்–நைதரசன் விகிதம் 10 முதல் 25 வரை இருக்க வேண்டுமென்பது எஸ்.எல்.எஸ். வரம்பு. அந்த எல்லைக்குள் இரண்டும் வந்த பிறகு ஒப்பிடுவதே நியாயம் என்று படுகிறது.

உப்பும் கச்சானும்

மற்ற ஊர்களின் ஆய்வுகளை இங்கே அப்படியே கொண்டுவர முடியாமைக்குப் பெரிய காரணம் உப்பு. தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் ஐசேனியா ஃபெட்டிடா இனத்துக்கு எட்வேட்ஸ் வகுத்த எல்லைகள் இன்றும் மேற்கோளாகின்றன: உப்பு 0.5 வீதத்துக்குக் கீழ், அமோனியா கிலோவுக்கு 1 கிராமுக்குக் கீழ், ஈரம் 80 முதல் 90 வீதம், வெப்பம் 15 முதல் 20 பாகைக்குள் இருந்தால் சிறப்பு. சாதாரணமாக நாம் உண்ணும் கறியில் உப்பு 1 வீதமளவில் இருக்கும். கருவாடு அதைவிடப் பல மடங்கு. மீந்த மீன் குழம்பைத் தொட்டியில் ஊற்றுவது புழுவை உப்பில் ஊறப்போடுவதற்குச் சமம். கழுவாத இறால் தலையும் நண்டு ஓடும் அமோனியாப் பக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்யும். எனவே புழுத் தொட்டிக்குப் போவது உண்மையில் காய்கறித் தோலும் பழத்தோலும் தேயிலைச் சக்கையும்தான். மீன் கழிவு வெளியே நின்றுவிடுகிறது. வீட்டுக் குப்பைக்கு இரு வழிகளையும் ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே குப்பையைத் தின்னவில்லை என்பதை இங்கே மறக்கக் கூடாது.

வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்று மற்றச் சோதனை. மேற்கிலிருந்து சூடாகவும் வறண்டும் வரும் அந்தக் காற்றில் திறந்த தொட்டி ஒரே பகலில் மேலே காய்ந்துவிடும். ஐசேனியாவைவிடச் சூட்டைத் தாங்குபவை யூட்ரிலஸ் யூஜெனியேயும் பெரியோனிக்ஸும். இனம் குறிக்கப்படாத ஒப்பீட்டு முடிவை இந்தக் காலநிலைக்கு எடுத்துவருவது அவசரம். நிழல், ஈரச்சாக்கு, கிடுகு மூடி, எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் என்று பராமரிப்பு கூடிக்கொண்டே போகும். செய்யலாம், ஆனால் ஒரு கிழமை கதவைப் பூட்டிவிட்டுப் போகும் வீட்டில் நடக்காது.

பசளைக்குள் இருக்கும் உப்பைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. மழையில் நனைந்த குவியலிலிருந்து உப்பு கழுவப்படும். கூடவே பொற்றாசியமும் போகும். மூடிய தொட்டியில் இரண்டும் தங்கலாம், அல்லது அடித்துளையால் வடியும் கழுவுநீரோடு போகலாம். அதோடு, வாவியை ஒட்டிய வளவுகளில் கோடையில் கிணற்று நீரே சவராவதுண்டு. அந்த நீரைத் தொட்டிக்கு நாள்தோறும் தெளித்தால், ஆவியாகும் ஒவ்வொரு வாளியும் தன் உப்பை விட்டுச்செல்லும். இத்தகைய பசளையின் மின்கடத்துதிறனை அளக்காமல் நாற்றுமேடைக்குச் சிபாரிசு செய்வது ஆபத்து. நைதரசன் 0.3 வீதம் கூடுதலா குறைவா என்பதைவிட இந்த ஓர் அளவே வீட்டுத் தோட்டக்காரருக்கு உதவும் என்பது என் கணிப்பு.

சூடு பற்றிய வாதம்

குவியல் கிருமியைக் கொல்லும், புழு கொல்லாது என்பது பழைய வாதம். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கழிவுச்சேற்று விதி, நீள்குவியலில் 55 பாகை 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும் என்கிறது. புழுத் தொட்டியில் அந்தச் சூடு வந்தால் புழு மிஞ்சாது. புழுப் பக்கத்தின் மறுமொழி புளோரிடாவிலிருந்து வந்தது. 2001 இல் ஈஸ்ட்மன் குழுவினர் வெளியிட்ட சோதனையில், கழிவுச்சேற்றிலிருந்த மலக் கோலிவடிவங்கள், சல்மனெல்லா, குடல் வைரசுகள், குடற்புழு முட்டைகள் ஆகியன சில நாட்களிலேயே பெருமளவு குறைந்தன. ஆனால் அங்கே 1.5 கிலோ சேற்றுக்கு 1 கிலோ என்ற கணக்கில் புழு விட்டார்கள். எந்த வீட்டுத் தொட்டியிலும் அந்த நெருக்கம் இல்லை.

இரு தரப்பும் கவனிக்காதது ஒன்றுண்டு. சூடு நிற்பதற்குக் குவியல் ஏறத்தாழ 1 கனமீற்றராவது இருக்க வேண்டும் என்பது பொது அனுபவம். நாளுக்கு ஓரிரண்டு கிலோ போடும் வீட்டுப் பீப்பா அந்த அளவை ஒரேயடியாக எட்டுவதில்லை; ஓரளவு வெதுவெதுப்பாகிப் பின் தணியும். வீட்டுக் கூட்டெரு போட்ட பாத்தியில் கேளாமலே முளைக்கும் பூசணியும் தக்காளியும் பாகலும் அதற்குச் சாட்சி. ஆகவே வீட்டளவில் சூடு என்பது குவியலின் தகுதியாகாது; அது நிலையத்தின் தகுதி. வீட்டில் ஒப்பிடப்படுவது புழுவில்லாத குளிர்ந்த குவியலும் புழுவுள்ள குளிர்ந்த தொட்டியும்.

இரண்டையும் இணைப்போர்

முதலில் குவித்துச் சூட்டைக் கடக்கவிட்டு, அமோனியா அடங்கியபின் புழுவிடம் கொடுக்கலாம் என்பது மூன்றாவது நிலை. அமெரிக்காவில் ந்டெக்வாவும் தொம்சனும் 2001 இல் இதை எடுத்துவைத்தார்கள்; ஸ்பெயின் ஆய்வும் சாணத்துக்கு இந்தச் சேர்க்கையையே ஆதரித்தது. தொழில்நுட்ப ரீதியில் இதுவே சிறந்ததாகத் தோன்றுகிறது. மீன் கழிவுக்கும் இதில் இடமுண்டு. ஆனால் இரண்டு பாத்திரம், இரண்டு பொறுமை, இரண்டு தடவை எடை இழப்பு. சந்தை, பாடசாலை, ஒரு கிராம சேவகர் பிரிவு என்ற அளவில் நடத்தக்கூடியது. தனி வீட்டுக்குச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

தீராதவை

இதுவரை கிடைத்துள்ளவற்றை வைத்துப் பார்த்தால், சாணம் கிடைக்கும், நிழல் உள்ள, நாற்று வளர்க்கும் வீட்டுக்கு மண்புழுப் பசளை பொருத்தமாக இருக்கலாம். அளவு சிறிது, பலன் வேருக்கு அருகில். மீன் கழிவு மிகுந்த, மணல் வளவுள்ள வீட்டுக்குக் குவியலே கூடுதல் குப்பையை ஏற்கும், கூடுதல் எடையைத் திருப்பித் தரும். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது.

வாவியில் பெருகும் ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் காபனுக்காகச் சேர்க்கலாமா என்பது ஒரு திறந்த கேள்வி. புழு அவற்றை விரும்பித் தின்னும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் ஆற்றுவாழை நீரிலுள்ள பார உலோகங்களை உறிஞ்சுவது. நகர வடிகால் விழும் இடத்தில் அள்ளியதும் வயல்பக்கத்தில் அள்ளியதும் ஒன்றாகாது. ஆற்றுவாழையின் விதை சாகச் சூடும் வேண்டும்.

இன்னும் முக்கியமானது நைதரசன் எந்த வேகத்தில் வெளிவருகிறது என்பது. மண்புழுப் பசளையில் நைதரசனின் கணிசமான பங்கு நைத்திரேற்றாகவே இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. செடி உடனே எடுக்கும் என்பதால் அது புகழப்படுகிறது. மணலில், ஐப்பசி முதல் தை வரை கொட்டும் மழையில், செடி எடுக்குமுன் அது ஆழங்குறைந்த கிணற்றுக்கு இறங்கக்கூடும். குடிப்பதும் அந்தக் கிணற்றிலேயே. மலகூடக் குழிகள் ஏற்கெனவே நைத்திரேற்றுச் சேர்க்கும் வளவுகளில் பசளையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய, ஒரே குப்பையிலிருந்து ஒரே எடையில் செய்த இரு பசளைகளையும் மணற்பாத்தியில் இட்டு, விளைச்சலோடு வேர்மட்டத்துக்குக் கீழே வடியும் நீரையும் அளக்க வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு மாரிக்காவது. 2011 தையில் வந்த வெள்ளம் போன்ற ஒன்று இடையில் வந்தால் முதல் மாரியின் முடிவு தலைகீழாகலாம்.